போத்தல் விளக்கின் சரித்திரம்

போர் தொடங்கிய தேதியையும் ஒப்பந்தம் கைச்சாத்தான தேதியையும் குறித்துவிட்டால் ஒரு காலத்தின் சரித்திரத்தை எழுதியாயிற்று என்னும் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. இஃது இன்று நேற்று ஏற்பட்ட பழக்கமன்று. வையாபாடல், கைலாயமாலை, யாழ்ப்பாண வைபவமாலை ஆகிய நமது பழைய நூல்களைப் புரட்டுவோர் அரசர் வரிசையைக் காண்பர்; குடியேற்றங்களைக் காண்பர்; கோயில்கள் எழுந்த கதையைக் காண்பர். ஆனால் அக்காலத்துக் கமக்காரன் இரவில் எதைக்கொண்டு விளக்கேற்றினான், அவன் மனைவி மாரிகாலத்தில் எதைக்கொண்டு அடுப்பு மூட்டினாள் என்பவற்றைக் காணமாட்டார். மயில்வாகனப் புலவரை நாம் குறைகூறவில்லை. அவர் தம் காலத்து முறைப்படி எழுதினார். ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் முடிந்த ஒரு காலத்தை, அதனை வாழ்ந்து கடந்த மக்கள் நம் கண்முன்னே நடமாடிக்கொண்டிருக்கும்போதே, நாமும் அதே முறைப்படி எழுதிக்கொண்டிருப்பதுதான் வியப்பு.

நாம் கருதுவது, 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதந் தொடக்கம் 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதிவரை யாழ்ப்பாணக் குடாநாடு பொருளாதாரத் தடையின்கீழ் வாழ்ந்த காலத்தை. அக்காலம் பற்றிய நூல்களில் இராணுவ நடவடிக்கைகளின் பெயர்கள் நிரைநிரையாக உள்ளன. எந்த முகாம் எந்நாளில் வீழ்ந்தது என்பதைப் பாடசாலைப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அந்த ஐந்தாண்டுகளிலும் பல இலட்சம் மக்கள் நாள்தோறும் எழுந்து, முகங்கழுவி, உண்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, இரவில் விளக்கேற்றி, மறுநாளும் எழுந்தார்களே, அஃது எவ்வாறு இயன்றது? இதைக் கேட்டால் பெரியோர் சிரித்துவிட்டு, 'எப்படியோ சமாளித்தோம்' என்பர். அந்த 'எப்படியோ' என்ற சொல்லுக்குள்ளேதான் நாம் தேடும் சரித்திரம் இருக்கிறது.

முதலில் நின்றுபோனவற்றைப் பார்ப்போம். 1956 இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவது நின்றது. அது மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்குள் நுழைந்தது 2014 ஒக்டோபரில். அதே 1990 இன் நடுப்பகுதியில் மின்சாரம் நின்றது. எரிபொருள், பற்றறி, சீமெந்து, இரும்பு, பசளை, சவர்க்காரம் எனத் தடை விதிக்கப்பட்ட பொருள்களின் பட்டியல் நீண்டது. மண்ணெண்ணெய் அரிதாகவும் நெருப்பு விலைக்கும் கிடைத்தது. ஈண்டு ஒரு முரணைக் கவனித்தல் வேண்டும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 இலிருந்து நாடு முழுவதற்கும் சீமெந்து அளித்த ஆலை. அதே குடாநாட்டில் இப்போது ஒரு கிணற்றுக் கட்டைப் பூசுதற்குச் சீமெந்து இல்லை. நாட்டுக்கே உப்பு விளைத்த ஆனையிறவு உப்பளம் போர்முனையாயிற்று. சவர்க்காரத்துக்கு வேண்டிய காரச் சோடாவை ஆக்கிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரினால் முடங்கியிருந்தது. நவீன கைத்தொழில் என்று வடக்கு பெருமைப்பட்டுக்கொண்டவை யாவும் செயலற்றுப்போன நிலையில், மக்கள் தம் கையில் மிஞ்சியவற்றைப் பார்த்தார்கள். மிஞ்சியவை மூன்று: வெறும் போத்தல், சைக்கிள், பனைமரம்.

போத்தலிலிருந்து தொடங்குவோம். அரிக்கன் லாம்பு ஓரிரவில் குடிக்கும் மண்ணெண்ணெய் ஓர் ஏழைக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது என்பது சில வாரங்களிலேயே தெளிவாயிற்று. ஆகவே ஜாம் போத்தல் விளக்காயிற்று. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு; அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய்; நூலினால் முறுக்கிய மெல்லிய திரி; அத்திரியை நிமிர்த்திப் பிடிக்க ஒரு தகரத் துண்டு அல்லது கம்பி. போத்தலின் கண்ணாடிச் சுவரே காற்றுக்கு மறைப்பாகவும் ஒளிக்குச் சிமினியாகவும் அமைந்தது. சில கரண்டி எண்ணெயில் அது மணிக்கணக்காக எரியும். இதைக் கண்டுபிடித்தவர் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் கண்டதை மற்றொரு வீட்டார் செய்தனர். செய்தபோது ஒரு திருத்தம் புகுத்தினர். அத்திருத்தம் அடுத்த ஒழுங்கைக்குப் பரவியது. நாட்டார் பாடல் எவ்வாறு ஆசிரியனின்றி வளர்கிறதோ அவ்வாறே இவ்விளக்கும் வளர்ந்தது எனலாம்.

அவ்விளக்கின் ஒளி ஒரு சாண் வட்டத்துக்கு மேற் செல்லாது. அந்த ஒரு சாண் வட்டத்தைச் சுற்றியே குடும்பத்தின் இரவு ஒழுங்கமைந்தது. பரீட்சை எழுதும் பிள்ளைக்கு முதலிடம். அடுத்து அரிசியிற் கல் பொறுக்கும் தாய்க்கு. ஏனையோர் இருளிலிருந்து கதை பேசினர். ஒரே விளக்கில் அயல்வீட்டுப் பிள்ளைகள் இருவர் மூவர் கூடிப் படிப்பதும் வழக்கமாயிற்று. காலையில் பிள்ளைகளின் நாசித் துவாரங்களில் கரி படிந்திருந்ததைத் தாய்மார் இன்றும் சொல்வர். க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு இவ்விளக்கின் முன்னிருந்து படித்தவர்கள் பின்னர் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் விளங்கிய கதைகள் பல மேடைகளிற் பேசப்படுகின்றன. அதே விளக்கிற் படித்து, பரீட்சை எழுதாமலே போனவர்களும், எழுதியும் உயிர் தப்பாதவர்களும் எத்தனையோ பேர். மேடைகள் அவர்களைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

சைக்கிளின் கதை இன்னும் விரிவானது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றினால், சில்லோடு உராயும் டைனமோ ஆறு வோல்ற்று மின்சாரம் தரும். அதில் வானொலி பாடும். ஒருவர் சுற்ற, பத்துப்பேர் குந்தியிருந்து கேட்பர். பிபிசி தமிழோசையையும் பிலிப்பைன்சிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ் ஒலிபரப்பையும் இவ்வாறே யாழ்ப்பாணம் கேட்டது. சுற்றுபவரின் கை சோர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் சோரும். 'சுற்றடா' என்ற அதட்டலோடு குரல் மீண்டும் நிமிரும். உலகச் செய்தியைக் கேட்பதற்கு உடலுழைப்பைக் கூலியாகக் கொடுத்த சமுதாயம் வேறெங்கும் இருந்ததா என்பது ஆராயத்தக்கது! செய்தித்தாள்களோ, அச்சுத்தாள் இன்மையால், பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிக்குரிய கோடிட்ட தாளில் அச்சாகி வெளிவந்தன. பக்கங்கள் குறைந்தன, ஆயினும் வெளிவந்தன.

மோட்டார் சைக்கிள் வைத்திருந்தோர் கார்புரேற்றரிற் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டினர். அதன் வெண்புகையும் நாற்றமும் அக்கால வீதிகளின் அடையாளம். ஆனால் குடாநாட்டின் பாரத்தை உண்மையிற் சுமந்தது மிதிசைக்கிள்தான். விறகு, நெல், நோயாளி, சவப்பெட்டி அனைத்தும் அதிலேயே சென்றன. முன்னர் மதவடியில் ஒரு கொட்டிலில் இருந்து ஒட்டுப்போட்டுக் காற்றடித்துக்கொண்டிருந்த சைக்கிள் திருத்துநர் ஊரின் முக்கிய மனிதர்களுள் ஒருவரானார். உத்தியோகத்தை மட்டுமே உயர்வென்று மதித்த நமது சமூகம், கைத்தொழிலாளியின் வாசலிற் காத்துநின்ற அபூர்வமான காலம் அது. அம்மதிப்பு மின்சாரம் வந்ததும் போயிற்று என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

வெளியுலகத்துக்குச் செல்லும் வழி நீரேரியாயிற்று. ஆனையிறவும் பூநகரியும் அடைபட்டபின், முதலிற் கொம்படி, ஊரியான் சேற்றுவழியாகவும், பின்னர் கிளாலியிலிருந்து படகிலும் மக்கள் வன்னிக்குச் சென்று மீண்டனர். கடற்படையின் தாக்குதலுக்கு அஞ்சி இரவிலேயே படகுகள் ஓடின. ஓய்வூதியம் பெறச் சென்ற முதியவர், கொழும்பிலே சிகிச்சைக்குச் சென்ற நோயாளி, வன்னியிலிருந்து நெல் கொண்டுவந்த தொழிலாளி எல்லோரும் அதே நீரைக் கடந்தனர். 1993 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் கிளாலிக் கடலில் பயணிகள் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் மக்கள் அக்கடலைக் கடந்தனர். வீரத்தினாலன்று, அரிசியும் மருந்தும் மறுகரையில் இருந்தமையால். வெளியேற விரும்பியோருக்கு அன்று குடாநாட்டை ஆண்ட விடுதலைப் புலிகள் விதித்த 'பாஸ்' முறையும் இருந்தது. ஆகவே சாதாரண மனிதன் இருபுறத்தும் அனுமதி வேண்டி நின்றான்.

இனிப் பனை. ஒடியல் மாப் பிட்டும் கூழும் பனாட்டும் வறியோர் உணவென்று சற்றே ஒதுக்கப்பட்டிருந்தவை மீண்டும் எல்லா அடுக்களைகளுக்கும் வந்தன. சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் பருகினர். பன்னாடை, கங்குமட்டை, ஊமல் எல்லாம் விறகாயின. சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழக் களியைப் பிசைந்து துணி தோய்த்தனர். அக்களியிலே நுரைக்கும் இயல்புடைய சபோனின் வகைப் பொருள் உண்டு; பனம்பழத்தின் கசப்புக்கும் அதுவே காரணம் என்று இரசாயனம் கற்றோர் கூறுவர். பாட்டிமார் இரசாயனம் கற்கவில்லை. தம் பாட்டிமாரிடம் கற்றிருந்தனர். பழவாசம் மாறாத சேலையைக் கொடியிலிருந்து மாடு இழுத்துச் சப்பிவிட்ட கதையை இன்றும் ஊரிற் சொல்லிச் சிரிப்பர்.

சிரிப்பது எளிது. ஒரு பனம்பழத்தைப் பொறுக்கி, களி பிசைந்து, தும்பு நீக்கி, துணி தோய்த்து, மீண்டும் வாசம் போக அலசுவதற்கு எத்தனை வாளி நீர் அள்ள வேண்டும், அதை யார் அள்ளினர் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. பெண்களின் உழைப்பு அக்காலத்திற் பன்மடங்காயிற்று. மாவிடித்தல், விறகு பொறுக்குதல், நீர் சுமத்தல், சங்கக்கடை நிவாரண வரிசையில் நிற்றல், பதுங்குகுழிக்கு மண்மூட்டை தைத்தல் எனப் பகல் முழுவதும் நீண்ட அவ்வேலைக்கு ஒருவரும் பெயர் சூட்டவில்லை. தோட்டங்களிலும் இதே நிலைதான். நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு எண்ணெய் இல்லாதபோது துலா மீண்டும் வந்தது. யூரியாவுக்குப் பதிலாகக் குழை தாழ்த்தலும் மாட்டெருவும் வந்தன. பழைய முறை மீண்டதென்று இயற்கை வேளாண்மை அன்பர் சிலர் இன்று மகிழ்ந்து எழுதுகின்றனர். விடியற்புறத்தில் துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடந்தவனின் கால்களை அவர்கள் கண்டதில்லை போலும்.

மேலும், பற்றாக்குறை என்பது எல்லோர் வீட்டுக்கும் ஒரே அளவில் வரும் விருந்தாளியன்று. 1970 க்கும் 1977 க்கும் இடைப்பட்ட ஆட்சியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நல்ல விலை கண்டனர். அதே காலத்தில், 1973 இலும் 1974 இலும், மலையகத் தோட்டத் தொழிலாளர் பட்டினியால் மடிந்தனர். ஒரே நாடு, ஒரே தட்டுப்பாடு, இருவேறு விளைவுகள். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்திலும் அவ்வாறே. வெளிநாட்டில் மகனுள்ள வீட்டிற் பெற்றோமாக்ஸ் எரிந்தது. சொந்தக் கிணறும் பனங்காணியும் உடையவர் இழந்தது வசதியை. வலிகாமம் வடக்கிலிருந்தும் தீவகத்திலிருந்தும் இடம்பெயர்ந்து பாடசாலை மண்டபங்களிற் குடியிருந்தவர் இழந்தது வாழ்க்கையை. 1960 களின் பிற்பகுதியிலே தேநீர்க்கடைக்குள்ளும் ஆலயத்துக்குள்ளும் நுழையும் உரிமைக்காகப் போராடிய மக்களின் பிள்ளைகள், அகதிகளாக அயலூர் சென்றபோது, சில வளவுகளிலே கிணற்றுக் கயிற்றைத் தொடுதற்குத் தயங்கி நிற்கவேண்டியிருந்தது. குண்டு சாதி பார்த்து விழவில்லை. கிணறு பார்த்தது.

இன்னொரு வெறுமையையும் கூறாதுவிட்டால் இக்கட்டுரை பொய்யாகும். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் இரண்டு மணி நேர அவகாசத்திலே விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். உடைமைகளை விட்டு, கையிற் சிறுதொகைப் பணத்தோடு அவர்கள் சென்றனர். அவர்களுட் பலர் தையற்காரர். பலர் இரும்புப் பொருள் வணிகர். அவர்களுடைய அன்றாடம் அடுப்பில் இருந்த உலையோடும் தையற் பொறியிற் பாதி தைத்த சட்டையோடும் அறுந்துபோயிற்று. எஞ்சியிருந்தோர் தட்டுப்பாட்டின் மத்தியில் தம் அன்றாடத்தைக் கட்டிக்காத்தபோது, சோனகத்தெருவில் வீடுகள் வெறிச்சோடிக் கிடந்தன. பொறுமையும் பகிர்தலும் மிகுந்த காலம் என்று நாம் அந்த ஐந்தாண்டுகளைப் போற்றும்போதெல்லாம், அப்பகிர்விலிருந்து ஒரே நாளில் நீக்கப்பட்ட அயலவரை நினைத்தே தீரவேண்டும்.

துன்பக் காலத்து அன்றாடத்தைப் பாடுவது நமது இலக்கியத்துக்குப் புதியதன்று. புறநானூற்றிலே பெருஞ்சித்திரனார் தம் வறுமையைக் குமணனுக்குச் சொல்லும் பாடல் ஒன்றுண்டு. பசியினால் அழும் மகனுக்குப் பாலூட்ட இயலாத தாய், புலி வருகிறதென்று அச்சுறுத்தியும், நிலவைக் காட்டியும், தந்தைமீது சினந்தால் உன் முகம் எப்படி இருக்கும், காட்டு என்று கேட்டும் அவனைத் தேற்ற முயல்கிறாள். அதே புலவர், பரிசில் பெற்று வீடு திரும்பியதும், யார் எவர் என்று பாராது, தம்மைக் கேட்டுக்கொண்டும் இராது, எல்லோருக்கும் கொடு என்று மனைவியிடம் கூறும் பாடலும் உண்டு. இவ்விரு பாடல்களையும் வகுப்பிற் கற்பிக்கும்போது, முன்னையதை அவலச் சுவைக்கும் பின்னையதை ஈகைக்கும் எடுத்துக்காட்டாகக் கூறி முடித்துவிடுகிறோம். ஆனால் இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். கடன் கொடுத்தவர், சுற்றத்தார், அயலார் என ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் தாண்டிய பஞ்சம் அது. நெல் வந்த அன்று அக்கைகளை மறவாதிருத்தலே அங்குப் பாடப்படுகிறது. 'சகடை' என்று மக்கள் பெயரிட்ட குண்டு வானூர்தி மேலே சுற்ற, பதுங்குகுழிக்குள்ளே பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டு நரிக்கதை சொன்ன தாய்மாரும் புலியையும் நிலவையும் காட்டிய அத்தாயின் வழிவந்தவர்களே.

'அந்தக் காலம் எவ்வளவு நல்ல காலம், மனிதர் எவ்வளவு ஒற்றுமையாக இருந்தனர்' என்று கூறுவோர் இன்று பெருகியுள்ளனர். சிறப்பாகப் புலம்பெயர்ந்து தூரதேசங்களில் வாழ்வோர். அவர்களுடைய ஏக்கம் நமக்கு விளங்குகிறது. ஆயின் அவ்வேக்கம் சரித்திரமாகாது. 1995 செப்டெம்பர் 22 ஆம் நாள் நாகர்கோயிலிற் பாடசாலை மீது விழுந்த குண்டினால் மாணவர் பலர் கொல்லப்பட்டனர். கொப்பி, பென்சில், மதிய இடைவேளை என்ற மிகச் சாதாரணமான ஒரு நாளாகவே அது விடிந்தது. போத்தல் விளக்கைப் புகழ்வோர் அந்த நாளை விடுத்துப் புகழ்தல் ஆகாது. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியிலே நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டு, எரிபொருளுக்காக மைல்கணக்கில் வரிசை நீண்டபோது, 'எங்களுக்கு இது பழக்கம்' என்று யாழ்ப்பாணத்தார் சிலர் பெருமையாகக் கூறக் கேட்டோம். தென்னிலங்கையில் முதன்முறையாக விறகடுப்பின் முன் இருமிய பெண்ணுக்கு அப்பெருமை என்ன உதவி செய்யும்? பழக்கமாயிற்று என்பது, பழக்கிவிட்டவர்களுக்கு நாமே வழங்கும் மன்னிப்பாகவும் மாறிவிடக்கூடும். அவளுக்குச் சொல்லத்தக்கது, ஊமலை எவ்வாறு புகையின்றி எரிப்பது என்பதும், இவ்வளவு வேலையை ஒருத்தி தலையிற் கட்டிவிடாதீர்கள் என்பதுமே.

1995 ஒக்டோபர் 30. முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்ட அதே தேதி, ஐந்தாண்டுகள் கழித்து. இராணுவம் நெருங்கிவர, வலிகாமத்து மக்கள் அனைவரும் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் அறிவித்தனர். அன்றிரவு, மழையில், நாவற்குழிக்குச் செல்லும் ஒடுங்கிய வீதியிலே பல இலட்சம் மக்கள் அடியடியாக நகர்ந்தனர். சைக்கிள்களில் அரிசிமூட்டை, அதன்மேல் பானை, பானைக்குள் கொப்பிகளும் உறுதிப்பத்திரங்களும், மேலே ஒரு பாட்டி. தென்மராட்சியில் அந்நியர் வளவுகளில், மரங்களின்கீழ், அவர்கள் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினர். ஒரு பகுதியினர் கிளாலி கடந்து வன்னி சென்றனர். ஏனையோர் 1996 ஏப்ரலிலிருந்து திரும்பினர். கூரை இல்லாத வீடுகளும் முற்றத்தில் ஆளுயரப் பற்றையுமாகக் கிடந்த வளவுகளுக்குத் திரும்பியவர்கள், வீட்டைத் திருத்துவதற்கு முன் கிணற்றைப் பார்த்தனர். அயலவர் நாலைந்து பேர் கூடி, பாசி பிடித்த நீரை வாளி வாளியாக இறைத்து வெளியே ஊற்றினர். அடிமண் தெரிந்தபின், ஊற்று வரும்வரை கட்டிலே குந்திக் காத்திருந்தனர்.